தேறலும் தேற்றாங்கொட்டையும்

பழந்தமிழர் மதுவுக்கு வைத்த பெயர்களில் சில, அதைச் செய்த முறையையே சொல்லிவிடும். பிழிந்து எடுத்தது பிழி. அரித்து வடித்தது அரியல். கலங்கல் அடியில் தங்க, மேலே தெளிந்து நின்றது தேறல். போதையும் இனிப்பும் மணமும் இருக்க, தெளிவைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மது வடிப்பவருக்கு எந்தக் கட்டம் முக்கியம் என்று அறிந்தவர்கள் வைத்த பெயர் அது.

தேறல் என்பதன் வேர் தேறு. தெள், தெளி, தேறு எல்லாம் ஒரே குடும்பம். தெலுங்கில் தேரு என்றால் தெளிதல். தேட என்றால் தெளிவு. நீரைப் பற்றிய தேறு என்ற சொல் தமிழில் மனிதரையும் தொட்டது. காய்ச்சலில் கிடந்தவர் தேறுகிறார், பரீட்சை எழுதியவர் தேறுகிறார். ஐயம் நீங்கி ஒருவரை நம்புவதையும் வள்ளுவர் தேறுதல் என்கிறார்; தெரிந்துதெளிதல் அதிகாரம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேன்கள்ளை மலைபடுகடாம் தேறல் என்கிறது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவுக்கும் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் அதே பெயர்தான். மலைநாட்டுக் கள்ளோ கடல் கடந்த மதுவோ, தெளிந்திருந்தால் தேறல்.

தேறு தன்வினை: தானே தெளிவது. அதன் பிறவினை தேற்று: தெளியச் செய்வது. துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுகிறோம். கலங்கிய நீரையும் தேற்றுகிறோம். அதற்கென்றே ஒரு மரம் உண்டு. தேற்றான், தேற்றா என்று அழைக்கப்படும் அதன் விதையே பேச்சில் தேத்தாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் அதை உரைத்துவிட்டு நீர் ஊற்றினால், சில மணி நேரத்தில் சேறு அடியில் படியும். விதையிலுள்ள பிசின் போன்ற மாவுப்பொருள் நுண்துகள்களைத் திரட்டிக் கனமாக்கிவிடுகிறது. இம்மரத்தின் பழம்பெயர் இல்லம். அந்த விதையால் நீர் தெளிவதைக் கலித்தொகையின் 142-ஆம் பாட்டு, பித்தேறிய ஒரு பெண்ணின் மனம் தெளிந்ததற்கு உவமையாக்குகிறது. தாவரவியலார் இதற்கு வைத்த பெயர் ஸ்ட்ரிக்னோஸ் பொட்டேட்டோரம். இலத்தீனில் பொட்டேட்டோரம் என்றால் ‘குடிப்பவர்களின்’ என்று பொருள்.

வறண்ட காட்டு மரமான தேற்றானை நீலகிரியின் உச்சியில் தேட முடியாது. அங்கே மது தேறுவதற்கு வேறு துணை இருந்தது: குளிர். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் சனவரி இரவுகளில் உறைபனி விழும். குளிரூட்டும் இயந்திரம் பரவாத காலத்தில் ஆங்கிலேயர் பீர் ஆலைகளுக்கு மலைகளைத் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். வடக்கே கசௌலியும் மர்ரியும் அப்படித்தான் பீருக்குப் பேர் பெற்றன. தெற்கே இந்த மலையின் பெயரைத் தாங்கி நீலகிரி புரூவரி இருந்தது. 1857-இல் தொடங்கிய கேஸில் புரூவரியோடும் வேறு மூன்று ஆலைகளோடும் அதைச் சேர்த்து, தாமஸ் லெய்ஷ்மன் 1915-இல் யுனைடெட் புரூவரிஸை உருவாக்கினார்.

நொதித்து முடிந்த பீர் கலங்கலாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் உயிரணுக்களும், புரதமும் துவர்ப்புப் பொருளும் பிணைந்த துகள்களும் அதில் மிதக்கும். உறைநிலையை ஒட்டிய குளிரில் சில நாள் அசையாமல் வைத்தால் ஈஸ்ட் திரண்டு அடியில் இறங்கும். லாகர் என்ற பீரின் பெயரும் இப்படிக் கிடத்தி வைப்பதால் வந்தது. ஜெர்மன் மொழியில் லாகர்ன் என்றால் சேமித்து வைத்தல். இது தேறும் வழி.

காத்திருக்க முடியாதவர்களுக்குத் தேற்றும் வழி. ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசியைக் கொதிநிலையிலேயே சேர்த்தால் புரதம் திரண்டு படியும். நொதிப்பு முடிந்தபின் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். ஈஸ்டின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம், ஐசிங்கிளாஸில் நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகி மூழ்கும். எதைச் செய்வதானாலும் புட்டியில் அடைக்கும் முன்பே செய்ய வேண்டும். கலங்கலோடு அடைத்தால் புட்டியின் அடியில் வண்டல் தடித்து, ஊற்றும்போது மேலே எழும்பிச் சுவையை மாற்றிவிடும். நொதிப்பே முடியாமல் அடைத்தால் வாயு பெருகிப் புட்டி வெடிக்கவும் கூடும்.

உரிமம் இல்லாமல் மது வடிப்பதை 1937-இன் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் தடுக்கிறது. ஆனால் அனுமதியுள்ள நாடுகளில் வாழும் தமிழர் வீட்டிலேயே பீர் வடிக்கலாம். இந்த வேலையைத் தமிழில் பேச அவர்கள் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். தானே தெளிய விடுவதைத் தேறவிடுதல் என்போம். தெளிவிக்கச் சேர்க்கும் பொருளைத் தேற்றி என்போம். சித்த மருத்துவம் உடலுக்கு வலுவூட்டும் மருந்தை உடல்தேற்றி என்று முன்பே அழைத்து வழிகாட்டியிருக்கிறது. தன்வினை, பிறவினை என்று இலக்கணம் பிரித்த இரண்டும் மது வடிப்பவரின் இரண்டு வழிகளுக்கு அப்படியே பொருந்துகின்றன. இவ்வளவு துல்லியமான சொற்கள் கைவசம் இருக்கும்போது அவற்றை அகராதியோடு விட்டுவிடக் கூடாது.