சுமைதாங்கியும் மருத்துவமாதும்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் நடந்தவர்கள் சுமைதாங்கியை அறிவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கைத்துணை இல்லாமல் சுமையை இறக்கி வைக்கவும், இளைப்பாறிய பின் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் வசதியான உயரத்தில் அமைத்த கல் அது. அதை நட்ட காரணத்தைக் கேட்டால் மனம் கனக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் நட்ட கல் அது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள், வழிப்போக்கர் இறக்கும் ஒவ்வொரு சுமையிலும் ஆறுதல் பெறுவாள் என்பது நம்பிக்கை.

நேயர்களே, அந்த வழக்கத்தில் உள்ள ஈரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கல் துக்கத்தைத் தாங்கியதே தவிர ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அவள் ஏன் இறந்தாள்? ‘விதி’ என்று ஊர் சொன்னது. அதோடு பேச்சு முடிந்தது. பேச்சை அங்கே முடிக்க மறுத்தவர்களின் வரலாற்றையே இன்று சொல்ல வருகிறேன்.

1847ஆம் ஆண்டு. வியன்னா நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் மாணவர்களும் வேலை செய்தார்கள். மற்றதில் மருத்துவமாதர் வேலை செய்தார்கள். படித்த வைத்தியர்களின் பகுதியிலேதான் தாய்மார் பிரசவக் காய்ச்சலில் அதிகமாக இறந்தார்கள். ஏன் என்று கேட்டவர் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வருவதை அவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். சில மாதங்களில் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் பெரியவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்றால், ‘எங்கள் கையே கொன்றது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டுமல்லவா?

அதே 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, எங்கள் பிள்ளைகளுக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் 1857இல் பிரசவ வைத்திய நூல் ஒன்று தமிழில் அச்சேறியது. பிள்ளைப்பேறு பற்றிய அறிவு எங்கள் மொழியில் பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த அறிவு நூலில் இருந்து வீட்டு வாசலுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் சென்றன.

1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகப் போகும் ஏற்பாடு அதிலிருந்து நாடெங்கும் வளர்ந்தது. 1930களில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். மலேரியா அடக்கப்பட்டதும், இலவச வைத்தியம் பரவியதும், மருத்துவமாதின் நடையும் சேர்ந்து அந்தத் தொகையைக் குறைத்துக்கொண்டே வந்தன. 2010களில் அது 30க்கும் 40க்கும் இடையே நின்றது. செல்வத்தில் எங்களை விஞ்சிய நாடுகள் சிலவும் இதைச் சாதிக்கவில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1952இல் இங்கிலாந்தில், இறந்த ஒவ்வொரு தாயைப் பற்றியும் பெயர்களை மறைத்து விசாரிக்கும் முறை தொடங்கியது. தண்டனைக்குப் பயந்தவன் உண்மையை ஒளிப்பான். பயம் நீங்கினால் உள்ளதைச் சொல்வான். எந்த வேலைத்தலத்துக்கும் பொருந்தும் நியாயம் இது. இலங்கையிலும் 1980களில் இருந்து பிரசவ மரணம் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டு ஆராயப்படுகிறது. யாரைப் பழிப்பது என்பதல்ல, எங்கே தவறியது என்பதே அங்கு கேள்வி.

எங்கே தவறுகிறது? 1994இல் தடியஸ், மேய்ன் என்ற ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போவோம் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தீவார் இந்த இரண்டாவது தாமதத்தைப் படிக்காமலே அறிவார்கள். அதன் பெயர் கடல். நெடுந்தீவில் வலி கண்டவளுக்குச் சிக்கல் என்றால், குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகு. பின்பு புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம். காற்றுக் காலத்தில் கடல் யாருக்காகவும் அடங்குவதில்லை.

வேலணையின் சாட்டிக் கரையில் நிற்கும்போது இது என் நினைவுக்கு வரும். அங்கே சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது. கடற்பயணம் போவோருக்குத் துணையான தாய் அவள். கோயிலைச் சுற்றிய மணலில் நல்ல தண்ணீர்க் கிணறுகள். உப்புநீர் சூழ்ந்த ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் கொடுத்த மண் சாட்டி. பிரசவ அறையில் முதலில் வேண்டியதும் அந்த நல்ல தண்ணீரே. கைகழுவு என்று சொல்வது சுலபம். கழுவ நீர் வேண்டுமே!

திருச்சிராப்பள்ளித் தலக்கதை உங்களுக்குத் தெரியும். காவிரி பெருகி, மகளின் பேற்றுக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் தடைப்பட்டாள். இறைவனே தாயுருவில் வந்து பேறு பார்த்து, தாயுமானவர் ஆனார். வெள்ளம் தடுத்த தாயின் இடத்தை யாராவது நிரப்பியே ஆகவேண்டும் என்பதை எங்கள் முன்னோர் அறிந்திருந்தார்கள். படகேறிப் போய் அந்த இடத்தை நிரப்பிய மருத்துவமாதருக்கு நாங்கள் கோயில் கட்டவில்லை. பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை.

2023இல் உலகில் ஏறத்தாழ 260,000 தாய்மார் கருப்பத்தாலும் பேற்றாலும் இறந்தார்கள். அவற்றிற் பெரும்பகுதி தடுக்கக்கூடிய சாவு. ஆதலால், உங்கள் அயலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கடுந்தலையிடி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு என்று சொன்னால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். மருத்துவமாதை அழையுங்கள், படகையோ வண்டியையோ பிடியுங்கள். புதிதாய் ஒரு சுமைதாங்கி நட எங்கள் தெருக்களில் இடம் வேண்டாம்.