கண்ணாடிக்கு வெளியே

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை பெங்களூரு லால்பாக்கில் இருக்கும் கண்ணாடி மாளிகையைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்: “ஏய்யா, செடிக்கு எதுக்கு இம்புட்டுக் கண்ணாடி? நம்ம நாட்டுல வெயிலுக்கா பஞ்சம்?”

சரியான கேள்விதான். கண்ணாடி வீடு குளிர்நாட்டுக்காரர்களின் தேவை. வெயிலின் சூட்டை உள்ளே பிடித்துவைத்து, வெப்பநாட்டுச் செடிகளைப் பனிக்காலத்தில் காப்பாற்றும் ஏற்பாடு. அந்த வித்தையில் கைதேர்ந்த தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன்தான், 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்காக கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்தார். செடிக்கான வீடு சாம்ராஜ்யத்தின் ஷோரூம் ஆனது.

லால்பாக் மாளிகை அதைப் பார்த்துக் கட்டியது. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். ஜான் கேமரூன் கண்காணிப்பாளராக இருந்தபோது, 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்தது. இங்கே சூட்டைச் சேமிக்க அவசியமில்லை. மலர்க்காட்சி நடத்த ஒரு கூடம் வேண்டியிருந்தது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் இன்றும் அதுதான் நடக்கிறது.

கேமரூன் பொறுப்பேற்றது 1874இல். அடுத்த இரண்டு வருடத்தில் தாது வருஷப் பஞ்சம் மைசூரையும் சென்னை மாகாணத்தையும் சூறையாடியது. பஞ்சம் ஓய்ந்து 11 வருடத்தில் இந்த மாளிகை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சௌசௌவை இங்கே கொண்டுவந்து பரப்பியவர் அவர்தான். நாம் அதை ‘பெங்களூர் கத்தரிக்காய்’ என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் அந்தக் காயைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

எங்க ஊர்லயும் அப்படி ஒரு இடம் உண்டு. 1901இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். கே 7, கே 11 என்ற நாட்டுப் பருத்தி ரகங்களின் ‘கே’ கோவில்பட்டியைத்தான் குறிக்கிறது. மானாவாரி நிலத்தில் பரிசோதனை. மேலே கூரை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை நின்ற பிறகு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பித்தான் செடி காய்க்கணும். கண்ணாடி சூட்டைப் பிடித்துவைப்பது போல, கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த ஈரம் எத்தனை நாள் தாங்கும், அதற்குள் எந்தச் செடி காய்க்கும் என்பதில்தான் சம்சாரியின் வருஷமே அடங்கியிருக்கிறது.

சின்ன வயசிலிருந்து அந்த நிலையத்தின் வழியாகப் போய்வந்தவன் நான். ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. லால்பாக்கில் மட்டும் நாற்பது போட்டோ எடுத்திருக்கேன். பெரியப்பா ஒரு போட்டோவுக்குக்கூட நிற்கவில்லை. குனிந்து, பாதையோர மண்ணைக் கிள்ளி விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.