சாமான் தேய்க்கும் மெஷினும் ஒரு புளியங்கொட்டையும்



கொஞ்ச நாளாக நான் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு டிஷ்வாஷர் படுத்துவிட்டது. அதைப் பழுது பார்க்கப் போய் ஒரு வரலாற்றுப் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். பதிவு நீளமாக இருக்கும். பீரியட் மணி அடிக்காது, நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த மெஷின் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒடுகத்தூரில் அதை வைத்திருப்பதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் உறவுக்காரர்கள் சமையலறையில் எட்டிப் பார்த்து, "என்னாது இது, துணி தொவைக்கிற மெஷினை உள்ள வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். என் துணைவியாருக்கு விரல் மூட்டுகள் வீங்கி வலி எடுக்கத் தொடங்கியதும் மகள் வாங்கி அனுப்பியது. நான் அப்போதே சொன்னேன், "ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதுக்கும்மா இது?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் கடைசியில் வருகிறது.

ஒருநாள் ராத்திரி மெஷின் பாதியில் நின்று கீக் கீக் என்று கத்தியது. திறந்தால் அடியில் நாலு விரல் உயரத்துக்கு அழுக்குத் தண்ணீர். சர்வீசுக்குச் சொல்லி, ஒரு தம்பி வேலூரிலிருந்து வர ஐந்து நாள் ஆனது. வந்தவர் பட்டனை அழுத்திப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "பம்ப் மோட்டார் போச்சு சார், மாத்தணும். ஆறாயிரத்துக்கு மேல ஆகும். பொருள் வர மூணு வாரம்" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போவோம்.

என் அம்மா சாமான் தேய்த்தது கிணற்றடியில். விறகடுப்புச் சாம்பல், பழம்புளி, தேங்காய் நார், இவ்வளவுதான். சாம்பலில் இருப்பது காரம். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் அது சோப்பு போல வேலை செய்து பிசுக்கை எடுத்துவிடும். புளியில் இருப்பது அமிலம். பித்தளை, செம்பில் படிந்த கறுப்பைக் கரைக்கும். அமிலம், காரம் என்ற பெயரெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. எதற்குச் சாம்பல், எதற்குப் புளி என்பது தெரியும். இன்றைக்கு மெஷினில் போடும் பவுடரும் காரம்தான், கடைசி அலசலுக்கு ஊற்றும் திரவத்தில் பெரும்பாலும் அமிலமும் சேர்ந்திருக்கும். பாக்கெட் மாறியிருக்கிறது, பாடம் மாறவில்லை.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதற்காக உள்ளே ஈயம் பூச வேண்டும். துருத்தி, நவச்சாரம், பஞ்சோடு ஒருவர் தெருவுக்கு வருவார். அது பழுது பார்க்கும் தொழில்தான். எவர்சில்வர் வந்ததும் அவர் மறைந்துபோனார். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்ற உருக்கைத் தேடும்போது துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். 1980களின் தொடக்கத்தில் நம் சேலம் உருக்காலையே அந்தத் தகடுகளைத் தரத் தொடங்கியது. பித்தளை அண்டாவைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய வீடுகள் உங்களில் பலருடைய வீடுகள்தான்.

மெஷினின் கதை வேறு கரையில் தொடங்குகிறது. 1850இல் ஜோயல் ஹௌட்டன் என்ற அமெரிக்கர் மரத்தாலான ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். கையால் சுற்றினால் பாத்திரத்தின்மேல் தண்ணீர் தெளிக்கும். சரியாக வேலை செய்யவில்லை. வேலை செய்த மெஷினைக் கொண்டுவந்தவர் ஒரு பெண், இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன். வசதியான வீடு. பீங்கான் தட்டுகளை வேலையாட்கள் கழுவும்போது விளிம்பு உடைகிறதே என்ற எரிச்சலில் யோசிக்கத் தொடங்கினார். 1883இல் கணவர் கடன்களை விட்டுவிட்டு இறந்துபோனார். எரிச்சலில் தொடங்கிய வேலை பிழைப்பாக மாறியது. தட்டுகளின் அளவுக்குக் கம்பிக் கூண்டுகள் செய்து, செம்புக் கொதிகலனுக்குள் சக்கரத்தில் பொருத்தி, சுடு சோப்புத் தண்ணீரை வேகமாக அடிக்கச் செய்தார். ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் உதவினார். 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை கிடைத்தது.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த மெஷினை வைத்தார். ஆண்டைக் கவனித்தீர்களா? நம் சென்னை இளைஞர்கள் காசு திரட்டி வழியனுப்பிய சுவாமி விவேகானந்தர் பேசிய சர்வ சமயப் பேரவை நடந்தது அதே கண்காட்சியை ஒட்டித்தான். அந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதே ஊரில், அதே கோடையில் ஒரு விதவைப் பெண் சாமான் தேய்க்கும் மெஷினோடு நின்றிருந்தார் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

வாங்கியவர்கள் ஓட்டல்காரர்கள்தான், வீடுகள் வாங்கவில்லை. அந்தக் காலத்து வீடுகளில் அவ்வளவு வெந்நீருக்கு வழியில்லை. ஊருக்கு ஊர் தண்ணீர் உப்பாக இருந்ததால் சோப்பு நுரைக்கவும் இல்லை. காக்ரேன் 1913இல் இறந்தார். அவருடைய கம்பெனி 1926இல் வேறு கைக்கு மாறி, அமெரிக்க வீடுகளுக்குள் மெஷின் பரவலாக நுழைய 1950கள் ஆயின.

நம் வீட்டுக் கதையும் இப்படித்தான். 1960களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற அம்மையாரின் ஜெர்மன் மிக்சி நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் போனது. பழுது பார்க்க ஆளில்லை. பொறியாளரான கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் நம் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரை வடிவமைத்தார். அதுதான் சுமீத் மிக்சி. கோவையில் அதற்கு முன்பே, 1955இல், சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரில் ஓட்டி கிரைண்டருக்கு வழி போட்டார். 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபோது அது மலைமேல் பீஞ்சமந்தை வரைக்கும் போனது. போனதும் என்ன ஆயிற்று? கீழே கடைத்தெருவில் மிக்சி ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு வேலை வந்தது. ஒரு மெஷின் நம் ஊருக்கு வந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? விற்கும் கடை வந்தால் போதாது, பழுது பார்க்கும் ஆள் வரவேண்டும். அந்தக் கணக்கில் டிஷ்வாஷர் இன்னும் நம் ஊருக்கு வரவில்லை.

சரி, மோட்டாருக்கு வருவோம். காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "சார், தண்ணி வெளிய தள்ற நேரத்துல உர்ருன்னு சத்தம் வருதா, சத்தமே இல்லையா?"

"உர்ருன்னு வருதுப்பா."

"அப்ப மோட்டார் சாகல சார். எதோ மாட்டிக்கினு சுத்த முடியாம முனகுது. மிக்சி ஜாரு இறுகினா முனகும் பாருங்க, அதே கதை. மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க. குழாயை மூடுங்க. அப்புறமா கை வைங்க."

அப்படியே செய்தேன். தண்ணீரை டம்ளரால் மொண்டு, பழைய துணியால் ஒற்றி எடுத்தேன். அடியில் இருக்கும் வடிகட்டியைத் திருகித் தூக்கினேன். அதற்குக் கீழே ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றி டார்ச் அடித்தால் காற்றாடி மாதிரி ஒரு குட்டிச் சக்கரம். அதன் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவில் ஊறிப் பருத்த ஒரு புளியங்கொட்டை! அம்மாவுடைய பழைய முள்வாங்கியால் இழுத்தேன், வந்துவிட்டது. சக்கரம் விரலுக்குச் சுற்றியது.

கொட்டை எப்படி வடிகட்டியைத் தாண்டியது? முந்தின வாரம் வடிகட்டியைக் கழுவி மாட்டியவன் நான். 'டக்' என்று பூட்டும் வரை திருகவில்லை. குற்றவாளியைத் தேடி வேலூர் வரை போக வேண்டியதில்லை.

இன்னொரு குற்றமும் வெளியே வந்தது. தண்ணீர் பீய்ச்சும் கைகளின் துளைகளில் பாதி அடைபட்டிருந்தன, சுவரெல்லாம் வெள்ளைப் படிவு. மெஷினில் உப்பு போடும் இடம் ஒன்று உண்டு. மகள் அப்போதே சொன்னாள். "நம்ம ஊர் போர் தண்ணியே உப்புத் தண்ணி, அதுக்கு மேல உப்பா?" என்று சிரித்துவிட்டு எட்டு மாதம் போடாமலே ஓட்டியவனும் நான்தான்.

நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. சூடு பட்டால் கால்சியம் சுண்ணாம்பாகப் படியும். மெஷினுக்குள் ஒரு பிசின் உருண்டைப் பெட்டி இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிறைந்துபோனால், சோடியமுள்ள உப்புக் கரைசலால் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். உப்பு தட்டுகளுக்கு இல்லை, அந்தப் பெட்டிக்கு. 1850இல் தாம்ப்சன், வே என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வயல் மண்ணில் உரம் எப்படி நிற்கிறது என்று ஆராயும்போது இந்தப் பரிமாற்றத்தைக் கண்டார்கள். ஹௌட்டன் மரப்பெட்டியைச் சுற்றிய அதே ஆண்டு! செயற்கைப் பிசினை ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் 1935இல் செய்தார்கள். மண்ணைப் படித்தவர்கள் கண்டது ஒடுகத்தூர்த் தட்டைக் கழுவ வந்து சேர்ந்திருக்கிறது.

துளைகளை ஊசியால் குத்தி எடுத்தேன். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கிப் போட்டு, காலி மெஷினை நல்ல சூட்டில் ஒரு முறை ஓட்டினேன். தண்ணீர் உள்ளே வரும் குழாய் முனையின் சல்லடையில் மணல், அதையும் தட்டினேன். டிஷ்வாஷருக்கென்று விற்கும் கல் உப்பை நிரப்பினேன். வீட்டுத் தூள் உப்பைப் போடாதீர்கள், கட்டி பிடிக்காமல் இருக்க அதில் சேர்த்திருப்பது அடைத்துக்கொள்ளும். மெஷின் ஓடுகிறது. மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

இனி அந்தக் கேள்வி. மெஷின் படுத்த ராத்திரி துணைவியார் ஒன்றும் சொல்லாமல் தொட்டியடியில் நின்று தேய்க்கத் தொடங்கினார். மறுநாள் காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கிக் காபி குடித்தார். அன்றிலிருந்து பழுது நீங்கும் வரை நான் தேய்த்தேன். "ஏங்க, உங்களுக்கு வராதுங்க, விடுங்க" என்றார். உண்மைதான், முதல் இரண்டு நாள் அவர் திரும்பக் கழுவினார். மூன்றாம் நாள், வாத்தியார் புத்தி, எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில், ஒரு நாளைக்கு, கரண்டி டம்ளரோடு சேர்த்து 47. ஒரு வருடத்துக்கு 17,155. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்துக்கு ஆறு லட்சம். பிள்ளைகள் இருந்த காலத்தில் இன்னும் கூட.

போர்கள், மன்னர்கள், உடன்படிக்கைகள் எல்லாம் ஆண்டோடு ஒப்பிக்க வைத்தேன் உங்களை. என் வீட்டிலேயே நடந்த ஆறு லட்சம் எந்தப் பாடத்திலும் வரவில்லை. அவரிடம் இதைச் சொன்னபோது, "இப்பதான் எண்ணினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதும் பெரிய அண்டா, இருப்புச் சட்டி, தோசைக்கல் மெஷினுக்குப் போவதில்லை. அவை என் பங்கு. வடிகட்டியும் என் பங்கு, ஞாயிற்றுக்கிழமை தோறும், 'டக்' சத்தம் வரும் வரை.

உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். முக்கியமாகப் பையன்கள். இது வீட்டுப்பாடம்.