போடிமெட்டின் இருபுறமும்: கட்டற்ற இசை மென்பொருளின் பள்ளிக்கூட வரலாறு

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடியைக் கடந்ததும் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. ஏலத் தோட்டங்களில் அப்பாலும் தமிழ் ஒலிக்கிறது. எல்லையில் பேச்சைவிட அதிகமாக மாறுவது பள்ளிக் கணினியின் மென்பொருள்தான். கணினியில் இசையமைத்தல் யாருக்கு வாய்த்தது என்னும் வினாவிற்கு இவ்வேறுபாடு ஒரு விடை தருகிறது.

இம்மலைத்தொடரின் அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினிவழி இசையைக் கையாண்டார். தமிழ்த் திரையிசையில் அதன் தொடக்கங்களுள் ஒன்றாக அப்படம் குறிக்கப்படுகிறது. அன்று கணினி இசை என்றால் இறக்குமதிக் கருவியும் சென்னை ஒலிப்பதிவுக்கூடமும் வேண்டும். பின்னர்க் கணினி வீட்டிற்குள் வந்தது. விலை மட்டும் கருவியிலிருந்து மென்பொருளின் உரிமத்திற்கு இடம்பெயர்ந்தது. திருட்டுப் படிகள் பெருகியதில் வியப்பில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் 1999இல் தொடங்கிய ‘ஆடாசிட்டி’ 2000 மே மாதம் வெளியிடப்பட்டது. ஒலியைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, அடுக்கடுக்காகச் சேர்க்க உதவும் இம்மென்பொருள் குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது: எவரும் படியெடுக்கலாம், மூலநிரலைத் திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். 2001இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியப் பிரிவு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. கேரளத்தின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் உருப்பெற்றதும் அக்காலத்தில்தான். சில ஆண்டுகளில் அத்திட்டம் முழுவதுமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பள்ளிகளுக்கெனத் தொகுக்கப்பட்ட லினக்ஸில் ஆடாசிட்டியும் இடம்பெற்றது. கணினிப் பாடநூல்கள் தமிழிலும் அச்சாயின. இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளி மாணவருக்கு ஒலித்தொகுப்புக் கருவி பாடத்தோடு கிடைக்க வழி பிறந்தது இவ்வாறுதான்.

மலைக்குக் கீழே நிலைமை வேறு. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சென்னை சி-டாக் உருவாக்கிய ‘போஸ்’ லினக்ஸும் விண்டோஸும் இணைந்தே வழங்கப்பட்டன. கருவி மாணவர் கைக்கே சென்றது பெரிய காரியம். அதனைக் குறைத்து மதிப்பிட இயலாது. எனினும் கட்டற்ற மென்பொருளைப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக்கிய முடிவு மலைக்கு மேலேதான் எடுக்கப்பட்டது.

இசையியல் நோக்கில் இதில் வேறொன்றும் அடங்கியுள்ளது. 1983இல் வந்த ‘மிடி’ நெறி, சுரங்களை 0 முதல் 127 வரையிலான எண்களாகக் கொள்கிறது; வழக்கமான அமைப்பில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே பியானோவின் அரைச்சுர இடைவெளி. கமகத்தை வளைவுக் கட்டளைகளால் ஒருவாறு ஈடுகட்டலாமே தவிர, அதன் இயல்பிலேயே எழுத இயலாது. ஆடாசிட்டி முதன்மையாக ஒலியலையைக் கையாள்வது. உறுமியின் உராய்வும் தாலாட்டின் குரலிழுப்பும் பன்னிரு கட்டங்களுக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. நாட்டார் இசையைப் பதிவுசெய்வோர்க்கு இது சிறிய வசதி அன்று.

2021இல் ஆடாசிட்டியை ‘மியூஸ்’ குழுமம் கையகப்படுத்தியது. பயன்பாட்டுத் தரவுகளைத் திரட்டும் முன்மொழிவும் புதிய தனியுரிமைக் கொள்கையும் எதிர்ப்பைக் கிளப்பின. முன்மொழிவு கைவிடப்பட்டது, கொள்கை வாசகம் திருத்தப்பட்டது. அதற்குள் மூலநிரலிலிருந்து ‘டெனாசிட்டி’ போன்ற கிளைகள் பிரிந்துவிட்டன. பெயரும் வணிகச் சின்னமும் கைமாறலாம். வெளியிடப்பட்ட நிரலின் உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது.

மொழிக்கும் இது பொருந்தும். ‘பிட்ச்’ என்பதற்குச் ‘சுருதி’ என்று எழுதினால், கச்சேரி மேடையில் அது ஆதார சட்ஜத்தைக் குறிக்கும்; ‘சுரம்’ என்றால் வேறு பொருள்; ஒலியியலார் கொள்ளும் பொருள் இன்னொன்று. விலைக்கு வாங்கிய மென்பொருளில் இத்தகைய மொழிபெயர்ப்பை நிறுவனமே முடிவுசெய்யும். இங்கோ மொழிக்கோப்பு திறந்தே கிடக்கிறது. இசைவாணரும் ஒலியியலாரும் அமர்ந்து வாதிட்டு மாற்றிக்கொள்ளலாம்.