களத்து விலையும் சந்தை விலையும்: பெருமந்தக் காலத் தமிழ் மாவட்டங்களில் விளைபொருள், கால்நடை விலைகளின் வீழ்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

1929க்குப் பின் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் விளைபொருள் விலை சரிந்ததைப் பெரும்பாலான ஆய்வுகள் நகரச் சந்தை விலைகளைக் கொண்டே அளந்துள்ளன. உழவர் தம் களத்தில் பெற்ற விலை அதனினும் கடுமையாக வீழ்ந்தது என்பதையும், கிஸ்தி, கடன் ஆகிய பணச்சுமைகளைக் களத்து விலையைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: களத்து விலை, பெருமந்தம், நெல், நிலக்கடலை, பருத்தி, காங்கயம் மாடு, கிஸ்தி.

சான்றுகளின் தன்மை

விலை வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கிடைக்கும் பழைய அரசுப் பட்டியல்களில் பல, விலையை நேராகக் கூறுவதில்லை. ரூபாய்க்கு எத்தனை சேர் தானியம் கிடைத்தது என்றே கூறுகின்றன. எனவே எண் உயர்ந்தால் விலை இறங்கியது என்று பொருள். இதனுள் ஒரு கணக்குப் பிழைக்கும் இடமுண்டு. ஆண்டின் முற்பாதியில் ரூபாய்க்கு 16 சேரும் பிற்பாதியில் 8 சேரும் விற்றதாகக் கொள்வோம். சராசரி 12 சேர். அதிலிருந்து பெறும் விலை சேருக்கு 1.33 அணா. ஆனால் உண்மை விலைகளான 1 அணா, 2 அணா ஆகியவற்றின் சராசரியோ 1.5 அணா. விலை பெரிதும் ஏறி இறங்கிய ஆண்டுகளில் இவ்வேறுபாடு மிகும். பட்டியலைத் தலைகீழாக்கி வரைபடம் வரையும் ஆய்வாளர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இதனினும் முதன்மையான குறை, அவ்விலைகள் நகரத்தின் விலைகள் என்பதே. விளைவித்தவர் அறுவடையை ஒட்டிய சில வாரங்களில், ஊரிலேயே, வணிகரிடம் விற்ற விலையே களத்து விலை. சந்தைக்கும் களத்துக்கும் இடையே வண்டிக்கூலி, தரகு, மகமை, எடைக்கூலி, மாதிரிக்கென எடுக்கும் தானியம், வணிகர் ஆதாயம் ஆகியன நிற்கின்றன. இவை விலையின் ஏற்ற இறக்கத்தோடு அதே விகிதத்தில் மாறுவன அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை. சந்தையில் மூட்டை 6 ரூபாய். இடைச்செலவு 1 ரூபாய். களத்தில் 5 ரூபாய். சந்தை விலை 3 ரூபாயாகப் பாதியாகும்போது இடைச்செலவு மாறாதிருப்பின் களத்து விலை 2 ரூபாயாகும். அதாவது நூற்றுக்கு 50 வீழ்ச்சியன்று, 60 வீழ்ச்சி. 10 ரூபாய் கிஸ்தி கட்ட முன்பு 2 மூட்டை விற்றவர் இப்போது 5 மூட்டை விற்க வேண்டும். சந்தை விலையை மட்டும் பார்ப்பவர் சுமை இருமடங்காயிற்று என்பார். சுமந்தவருக்கோ அது இரண்டரை மடங்கு.

அரசு அறிந்திருந்த இடைவெளி

இவ்வேறுபாட்டை அரசு அறியாதிருக்கவில்லை. இரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் தீர்வை வகுத்த அலுவலர்கள் பஞ்சமில்லா 20 ஆண்டுகளின் சந்தை விலைச் சராசரியை எடுத்து, அதிலிருந்து வண்டிக்கூலிக்கும் வணிகர் ஆதாயத்திற்குமாக ஒரு பகுதியைக் கழித்தே உழவர் பெறும் விலையைக் கணித்தனர். ஆயினும் அவ்வாறு பெற்ற தொகையைப் பணமாக 30 ஆண்டுகளுக்கு நிலைநிறுத்தினர். களத்து விலை கணக்கில் ஒருமுறை இடம்பெற்றது. பின்னர் அது மாறியபோது கணக்கு மாறவில்லை. 1920களில் தஞ்சை மாவட்டத்தில் நடந்த மறுதீர்வை உயர்விலைக் காலத்தின் கணக்கு. அதன் சுமை இறங்குவிலைக் காலத்தின் மேல் விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே தஞ்சையில் வழங்கிய ‘ஒழுங்கு’ முறையில், தானிய விலை குறித்த எல்லையைக் கடந்து ஏறினாலோ இறங்கினாலோ வரியும் உடன் மாறியது. அத்தகைய நெகிழ்வு கைவிடப்பட்டதை நிருவாக எளிமைக்காக என்று கடந்துபோவது போதாது என்பது என் கருத்து.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், பி. நடராசனுடன் இணைந்து 1825-54 காலத்துச் சென்னை மாகாண மந்தத்தைப் பற்றிய கட்டுரையை 1936இல் வெளியிட்டார். நிலையான பணவரி, வீழும் தானிய விலை என்னும் அதே இணை தம் கண்முன் மீண்டும் நிகழ்ந்த காலத்தில் அவர் அப்பொருளை எடுத்துக்கொண்டது தற்செயலாகத் தோன்றவில்லை.

மூன்று பயிர்கள்

கல்கத்தா மொத்தவிலைக் குறியீடு (1914 = 100) 1929இல் 141ஆக இருந்து 1933இல் 87ஆக இறங்கியது. இப்பொதுக் குறியீட்டில் ஆலைப்பொருள்களும் அடங்கும். வேளாண் பொருள்களின் வீழ்ச்சி இதனினும் மிகுதி. ஆனால் எல்லாப் பயிர்களும் ஒரே காரணத்தால் வீழவில்லை.

நெல்லின் விலையைப் பர்மா அரிசி கட்டுப்படுத்தியது. பிற நாடுகளில் வாங்குவோர் குறைந்தபோது அவ்வரிசி சென்னைத் துறைமுகத்தை நாடியது. சயாம், இந்தோசீனக் குறுநொய் அரிசியும் வந்து சேர, 1935இல் குறுநொய் இறக்குமதிக்குத் தீர்வை விதிக்கப்பட்டது. பர்மா அரிசிக்கு அத்தடை இல்லை. காவிரிப் படுகையின் மிராசுதார் தம் நெல்லை விற்க இயலாமற் போனதை விட, விற்ற நெல் கிஸ்திக்குப் போதாமற் போனதே பெருஞ்சிக்கல். நெல்லாகவே கூலி பெற்ற பண்ணையாளுக்கு விலைவீழ்ச்சி அதே வடிவில் சேரவில்லை. அவருடைய மரக்கால் சுருங்கவில்லை, வேலைநாள் சுருங்கியிருக்கலாம். களத்து விலை என்பது விற்பவரின் வரலாறே என்பதை மறத்தலாகாது.

தென்னார்க்காட்டு நிலக்கடலையின் நிலை வேறு. அதன் விலை மார்சேல் முதலிய அயல்நாட்டு எண்ணெய் ஆலைகளின் தேவையைச் சார்ந்திருந்தது. விதைக்கும்போதே முன்பணம் பெற்றவர், அறுவடையில் அவ்வணிகருக்கே விற்கக் கடமைப்பட்டவர். அவருக்குச் சந்தை விலை செவிவழிச் செய்தி. எருவெல்லிப்பேட்டை உள்ளிட்ட சிற்றூர்களைக் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணாக்கரைக் கொண்டு ஆராய்ந்து 1918இல் நூலாக்கினார். தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவற்றை மறு ஆய்வு செய்த நூல் 1940இல் வெளிவந்தது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தல், நகர விலைப் பட்டியல்கள் காட்டாத ஊர்நிலையை அணுகும் சிறந்த வழிகளுள் ஒன்று.

பருத்தியும் வீழ்ந்தது, 1933இல் சப்பானிய ஆலைகள் இந்தியப் பருத்தியைப் புறக்கணித்தமை மேலுமோர் அடி. எனினும் கோயம்புத்தூரில் 1930களில் ஆலைகள் பெருகின. பைக்காரா மின்சாரம் அதற்குத் துணைநின்றது. கம்போடியாப் பருத்தி விளைவித்தோர்க்கு அருகிலேயே வாங்குவோர் இருந்தனர். வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களை வலியுறுத்தியதைத் தொடர்ந்து, 1933இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்கென விற்பனைக்கூடம் அமைந்தது. களத்துக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட கழிவுகளைச் சட்டம் நேராகத் தொட்டது இங்கேதான். ஆனால் வண்டி கட்டிக் கூடத்திற்குக் கொண்டுவர இயன்றவர்க்கே அது பயன்பட்டது.

மாட்டு விலை

கால்நடைக்கு அறுவடைக் காலம் இல்லை. ஆகவே அறுவடை விலைப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. சந்தையில் தரகர் துண்டுக்குள் கையை மறைத்து விரல் பிடித்து விலை பேசும் வழக்கம், ஆய்வாளர் கேட்க வேண்டிய எண்ணையே கேளாதபடி செய்துவிடுகிறது. கண்ணபுரம் போன்ற பெருஞ்சந்தைகளில் கைமாறிய காங்கயம் காளைகளின் விலையை மறைமுகமாகவே உய்த்துணர வேண்டியுள்ளது.

கொங்குப் பகுதியில் தோட்டப் பயிருக்குக் கிணற்றுநீரைக் கவலை கட்டி இறைத்தவை இக்காளைகளே. எனவே காளையின் விலை தீவனத்தை மட்டுமன்றிப் பருத்தியின் விலையையும் சார்ந்தது. பஞ்சத்தில் தானிய விலை ஏறும், தீவனமின்றி விற்கப்படும் மாட்டின் விலை வீழும். மந்தத்திலோ இரண்டும் சேர்ந்து இறங்கின. கிஸ்திக்காக மாட்டை விற்றவர் இறங்கிய விலையில் விற்றார். அடுத்த பருவத்தில் நீரிறைக்கும் ஆற்றலையும் உடன் இழந்தார். பஞ்சத்தைப் போல் உயிர்ச்சேத எண்கள் இல்லாமையால் இவ்விழப்பு ஆவணங்களில் தடமின்றி மறைந்தது.

கடன்

1930இல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு ஊரகக் கடனை 150 கோடி ரூபாயாகவும், 1935இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடியாகவும் மதிப்பிட்டன. கணக்கிட்ட முறைகளின் வேறுபாட்டை ஒதுக்கினாலும், தொகையின் உயர்வை விடத் தானியமாக அளந்த உயர்வே பெரிது. கடன் ஒரு ரூபாயும் கூடாதவரும், விலை பாதியானபோது இருமடங்கு நெல்லுக்குக் கடனாளியானார். 1938இல் இராசாசி அமைச்சரவை கொண்டுவந்த வேளாளர் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டியைத் தள்ளியது. முதலைப் போல் இருமடங்கு செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்ததாகக் கொள்ளவும் வகை செய்தது. விலைவீழ்ச்சி ஏற்றிய சுமையைச் சட்டம் இறக்க முயன்ற முறை இது.

போர்க்காலம் அக்கணக்கைத் தலைகீழாக்கியது. 1942இல் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது; விலைகள் ஏறின. நாராயணசாமி நாயுடு 1946இல் அளித்த அறிக்கையின்படி மாகாண ஊரகக் கடன் 1939இல் ஏறத்தாழ 272 கோடியாக இருந்து 1945இல் 218 கோடியாகக் குறைந்தது. இக்குறைவு விற்பதற்கு மிகுதியான விளைச்சல் உடைய நிலவுடைமையாளரிடமே பெரிதும் நிகழ்ந்தது. கூலியாட்களின் தலைக்கடன் கூடியது.