பூவா தலையா? – நூறாண்டுக்குப் பின் வந்த தவறு



ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால், ஒருமுறையேனும் பூ விழுவதற்கான நிகழ்தகவு யாது? இவ்வினாவிற்கு 2/3 என விடை எழுதும் மாணவர்கள் உண்டு. நானும் பல ஆண்டுகளாக அவ்விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 3/4 என எழுதிக் கொடுத்து வந்தேன். அவ்விடையின் வரலாற்றைப் படித்த பிறகு அவ்வாறு செய்ய என் கை கூசுகிறது.

1654-ஆம் ஆண்டு. பிரான்சில் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வாயிலாக ஒரு சிக்கலை ஆராய்ந்தனர். இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே 64 காசும் உரியது. ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்றிருக்கும் வேளையில் ஆட்டம் நின்றுவிட்டால், காசை எவ்வாறு பங்கிடுவது?

ஜூலை 29-ஆம் நாள் கடிதத்தில் பாஸ்கல் இதற்கு விடை கூறினார். அடுத்த ஆட்டத்தில் முதலாமவர் வென்றால் 64 காசும் அவருக்கே. தோற்றாலோ இருவரும் சமநிலை அடைவதால் 32 காசு கிடைக்கும். எனவே 32 காசு அவருக்கு உறுதி. எஞ்சிய 32-இல் பாதி 16. ஆக மொத்தம் 48. அதாவது 64-இல் 3/4 பங்கு. கூர்ந்து நோக்கினால் இது நம் நாணயக் கணக்கேதான். இரண்டு வாய்ப்புகளில் ஒருமுறை வென்றால் அவருக்குப் போதும்.

ஃபெர்மா வேறு வழியில் சென்றார். எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தும் ஆடப்படுவதாகக் கொண்டு, நிகழக்கூடிய எல்லா வகைகளையும் எண்ணினார். அதற்குக் கணித அறிஞர் ரொபெர்வால் தடை எழுப்பியதைப் பாஸ்கல் தம் ஆகஸ்டு மாதக் கடிதத்தில் குறிப்பிடுகிறார். வெற்றி முடிவான பின் ஆடப்படாத ஆட்டத்தை ஏன் எண்ண வேண்டும் என்பதே அத்தடை. ஆட்டத்தை நிறுத்தினாலும் தொடர்ந்து ஆடினாலும் வென்றவர் மாறப்போவதில்லை. ஆகவே எண்ணுவதில் பிழையில்லை என்று பாஸ்கல் விளக்கினார்.

பின்னர், 1676-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியொன்றில், டச்சு அறிஞர் ஹைகன்ஸ் இத்தகைய கணக்கைக் கிளைகளாகப் பிரித்து வரைந்தார். நாம் இன்று கற்பிக்கும் மர வரைபடத்தின் மூதாதை அது.

1654-க்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி வெளிவந்தது. அதில் ‘பூவா தலையா’ பற்றிய கட்டுரையைத் தலம்பேர் எழுதினார். இவர் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவர். முதலில் பூ விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எனவே ‘பூ’, ‘தலை-பூ’, ‘தலை-தலை’ என மூன்றே வகைகள். அவற்றுள் இரண்டில் வெற்றி. ஆகவே விடை 2/3 என்று அவர் வாதிட்டார். நம் மாணவனும் இதையேதான் எழுதினான்!

பிழை எங்கே? கரும்பலகையில் மரத்தை வரைந்தால் தெரியும். முதற்கிளைகள் இரண்டு: பூ 1/2, தலை 1/2. தலையிலிருந்து மட்டும் மீண்டும் இரு கிளைகள் பிரிகின்றன. கிளைவழியே பெருக்கினால் ‘தலை-பூ’ 1/4, ‘தலை-தலை’ 1/4. கிளை நுனிகள் மூன்றுதான். ஆனால் அவை சம வாய்ப்புடையவை அல்ல. 1/2-உடன் 1/4-ஐக் கூட்டினால் 3/4.

ஜெனீவாவைச் சேர்ந்த நெக்கேர் என்னும் கணிதப் பேராசிரியர் இக்குறையைச் சுட்டி மறுப்பு எழுதினார். தலம்பேர் அம்மறுப்பைப் புறக்கணிக்கவில்லை. 1757-இல் வெளிவந்த ஏழாம் தொகுதியில் அதனை அச்சேற்றினார்.

ஆசிரிய நண்பர்களே, 2/3 என எழுதிய மாணவன் சிந்திக்காதவன் அல்லன். ‘ஏன் மூன்று வகை என்றாய்?’ என அவனைக் கேளுங்கள்; மரத்தை அவனையே வரையச் சொல்லுங்கள்; ஒவ்வொரு கிளையிலும் பின்னத்தை எழுதச் செய்யுங்கள். பெற்றோர்களே, மதிப்பெண் குறைந்த தாளைக் கண்டதும் பிள்ளையைக் கடியாதீர்கள். வீட்டில் ஒரு நாணயம் இருந்தால் போதும். இருமுறை சுண்டுவதை ஓர் ஆட்டமாகக் கொண்டு, நூறு ஆட்டம் ஆடிக் குறித்துப் பாருங்கள். பூ விழுந்த ஆட்டங்கள் 67-ஐ நெருங்குகின்றனவா, 75-ஐ நெருங்குகின்றனவா என்பதைப் பிள்ளையே கண்டு சொல்லட்டும்.