காரில் இரைச்சலா? கையில் ஐந்தே ஷீட் இருந்தால் எங்கே ஒட்டுவது?

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போவுக்குத் தினமும் ஓடும் பழைய மைவியோ சாகாவோ, ஊருக்குள் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓரளவு அமைதியாகத்தான் இருக்கும். அதே கார் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி 110-ஐத் தொட்டால், பின் இருக்கையில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். உடனே பலருக்கும் தோன்றுவது ‘சவுண்ட் டெடனிங்’. கார் முழுக்க ஒட்டினால் செலவு எகிறும். ஆனா முழுக்க ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அலுமினியத் தாள் முதுகில் ஒட்டிய அந்தக் கறுப்பு ஷீட் சத்தத்தைத் தடுக்கும் சுவர் அல்ல. அது தகரத்தின் அதிர்வை அடக்கும் பொருள். கதவுத் தகரம் அதிரும்போது, தகரத்துக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பியூட்டைல் ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடும். அதனால்தான் ஒரு தகரத்தின் நடுப்பகுதியில் 25 முதல் 30 விழுக்காடு வரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். மீதியையும் மூடினால் எடை கூடும், காசு போகும், சத்தம் கொஞ்சம்தான் குறையும்.

பேராக்கில் ரப்பர் என்றதும் தோட்டம்தான் ஞாபகம் வரும். கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. ஆனால் இந்த பியூட்டைல் பால்மரத்திலிருந்து வருவதல்ல. 1937-இல் அமெரிக்காவில் பெட்ரோலியப் பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் பந்து துள்ளும், பியூட்டைல் பந்து கீழே விழுந்தால் அப்படியே சோர்ந்து கிடக்கும். அந்தச் சோம்பல்தான் நமக்குத் தேவை.

சரி, 50-க்கு 80 சென்டிமீட்டர் ஷீட் ஐந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எடை சுமார் 6 கிலோ.

இரண்டு ஷீட் முன்கதவுகளுக்கு. கதவின் உள்பக்கத்தைக் கழற்றி, வெளித் தகரத்தின் உட்புறத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒட்டுங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தகரம் இது. பாட்டின் ‘பாஸ்’ சுத்தமாகக் கேட்பதும், கதவைச் சாத்தும்போது தகர டப்பா போல ஒலிக்காமல் இருப்பதும் கூடுதல் லாபம்.

அடுத்த இரண்டு, பின்சக்கரங்களின் மேல்வளைவுக்கும் ஸ்பேர் டயர் குழிக்கும். மைவி போன்ற ஹேட்ச்பேக்கில் பூட்டுக்கும் இருக்கைக்கும் இடையே சுவர் கிடையாது. பின்டயரின் இரைச்சல் நேராக உள்ளே வந்துவிடும். சாகா போன்ற செடானில் பின் இருக்கையும் அதன் மேல்தட்டும் ஓரளவு தடுக்கும். அந்தக் கார்க்காரர்கள் இதில் ஒரு ஷீட்டை முன்பக்கக் கால்வைக்கும் தரைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாவது ஷீட்? பலர் கூரை என்பார்கள். சாயங்கால மழை கொட்டும் ஊரில் அது நியாயமான ஆசைதான். கூரைத் தகரத்தின் நடுவில் இரண்டு துண்டு ஒட்டினாலே மழைச்சத்தம் மங்கிவிடும். ஆனால் கூரை உறையைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. பக்கவாட்டுக் காற்றுப்பைகள் உள்ள காரில் அவை அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வேலையைத் தெரிந்த பட்டறையிடம் விடுங்கள். இல்லையென்றால், விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். எந்தத் தகரம் ‘டங்’ என்று நீளமாக ஒலிக்கிறதோ, ஐந்தாவது ஷீட் அதற்கு.

பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் அது வெளியேறும். அவற்றை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கழற்றிய பிளாஸ்டிக் தாளையும் திரும்பச் சரியாக ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கார்ப்பெட் நனையும். சில கார்களில் காற்றுப்பைக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கும். அதன் பக்கம் போகவே கூடாது.

மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட்டும் வேண்டாம். நம் வெயிலில் நிறுத்திவைத்த காரில் அது இளகும், நாறும், கூரையிலிருந்து கழன்று விழும். வாங்கும்போதே முகர்ந்து பாருங்கள், தார் வாடை தெரியும். ஒட்டும் இடத்தை ஆல்கஹால் போட்டுத் துடைத்து, உருளையால் நன்றாக அழுத்துங்கள்.

நெடுஞ்சாலை வேகத்தில் கேட்கும் இரைச்சலில் பெரிய பங்கு டயருக்கும் காற்றுக்கும் உண்டு. டயர் தேய்ந்து கரடுமுரடாகியிருந்தாலோ கதவு ரப்பர் கிழிந்திருந்தாலோ, ஷீட் வாங்கும் பணத்தை முதலில் அங்கே போடுவதுதான் புத்திசாலித்தனம்.

வேலைக்கு முன்னும் பின்னும் கைப்பேசிச் செயலியில் அளந்து பார்க்க நினைத்தால், அதே சாலை, அதே வேகம், ஜன்னல் மூடி, ஏர்கோன் அணைத்து அளக்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் ‘ஏ’ அளவுகோலில் டெசிபல் காட்டும். அது கனமான தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடும். இந்த ஷீட் முக்கியமாக அடக்குவதோ அந்தத் தாழ்ந்த ‘ம்ம்ம்’ ஒலியைத்தான். ‘சி’ அளவுகோல் இருந்தால் அதற்கு மாற்றி அளந்து பாருங்கள்.